கோய்தா, குட்டியானை, காடு: வனத்தொழிலாளியின் சொல் எதற்குச் சான்று?

காடு பற்றிய ஆய்வேடுகளில் வனத்தொழிலாளி பெரும்பாலும் இரண்டு இடங்களில் மட்டுமே தென்படுகிறார். ஒன்று, நன்றியுரை. மற்றொன்று, பின்னிணைப்பாக வரும் சொற்பட்டியல். நன்றியுரையில் அவர் வழிகாட்டியவராகவும் சோறிட்டவராகவும் நினைக்கப்படுகிறார். சொற்பட்டியலில் அவருடைய கருவிகளின் பெயர்கள் அகரவரிசையில் நிற்கின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பக்கங்களில், அதாவது வாதம் நிகழும் பக்கங்களில், அவர் இல்லை. அவருடைய அரிவாளுக்கு என்ன பெயர் என்று கேட்கும் ஆய்வாளர், அந்த அரிவாளால் எதை, எந்தப் பருவத்தில் வெட்டக்கூடாது என்று அவர் கருதுகிறார் எனக் கேட்பது அரிது. கேட்டாலும் பெயர் 'தரவு' என்றும் கருத்து 'அபிப்பிராயம்' என்றும் பிரித்து வைக்கப்படுகின்றன. இப்பிரிவினை மொழியியல் நோக்கில் பிழையானது. சட்டத்திலும் சூழலியலிலும் இதற்குக் கொடுக்கப்பட்டுள்ள விலை மிக அதிகம். இப்பதிவின் வாதம் இதுவே.

புனேயின் வடமேற்கே, பிம்ப்ரி-சிஞ்ச்வாட் மாநகராட்சிக்குள் அடங்கும் சாங்வி, பவனா, முளா என்னும் இரண்டு ஆறுகளை ஒட்டிய ஊர். இன்று அது அடுக்ககங்களாலும் கடைவீதிகளாலும் நிறைந்த புறநகர். அங்கே காடு இல்லை. ஆனால் மேற்கிந்தியக் காட்டு நிர்வாகத்தின் தொடக்கப் பக்கங்களில் ஒன்று அதன் எதிர்க்கரையில் எழுதப்பட்டது. பவனாவின் மறுகரையில் உள்ள தாபோடி, 19ஆம் நூற்றாண்டு ஆங்கில ஆவணங்களில் 'தாபுரி' எனப்படுகிறது. அங்கே இருந்த தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளராக 1838இல் பொறுப்பேற்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் அலெக்சாண்டர் கிப்சன், 1847இல் பம்பாய் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலரானார். அவருடைய மேற்பார்வையில் 1847 முதல் 1850 வரை தீட்டப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட தாவர ஓவியங்கள் இப்போது எடின்பரோ அரச தாவரவியல் தோட்டத்தில் பேணப்படுகின்றன. அவற்றைத் தீட்டிய ஓவியரின் பெயர் அறியப்படவில்லை.

ஓவியரின் பெயரே எஞ்சவில்லை என்றால், அத்தோட்டத்தில் பாத்தி கட்டியவர், நாற்று நட்டவர், விதை திரட்டிக் கொண்டுவந்தவர் ஆகியோரின் பெயர்கள் எஞ்சாததில் வியப்பில்லை. இதை வெறும் மறதி என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. ஆவணத்தின் வடிவமே அப்படி அமைந்திருந்தது. காலனியக் காட்டு அறிக்கை மரத்தை எண்ணியது, வருவாயைக் கணக்கிட்டது, இனங்களுக்கு இலத்தீன் பெயர் சூட்டியது. தொழிலாளி அதில் கூலிக் கணக்கின் ஓர் உருப்படி. அவர் என்ன நினைத்தார் என்பதை எழுத அந்த வடிவத்தில் இடமே ஒதுக்கப்படவில்லை. விடுதலைக்குப் பிந்தைய வனத்துறையின் பணித்திட்டங்களும், பல்கலைக்கழகங்களின் களஆய்வுப் படிவங்களும் அந்த வடிவத்தைப் பெரிதும் அப்படியே மரபுரிமையாகப் பெற்றன.

முதலில் கருவியிலிருந்து தொடங்கலாம். மகாராஷ்டிரத்தின் ஊர்ப்புறங்களில் 'கோய்தா' என்பது வளைந்த அலகும் மரப்பிடியும் கொண்ட வெட்டுக்கருவி. மூங்கில் கழிக்கவும், புதர் அகற்றவும், தீத்தடுப்புக் கோட்டைச் சீர்செய்யவும், கால்நடைக்குத் தழை வெட்டவும், கரும்பு அறுக்கவும் அது பயன்படுகிறது. தமிழின் 'கொய்' என்ற வினையை அறிந்தவருக்கு இச்சொல் அந்நியமாக ஒலிப்பதில்லை. தெலுங்கிலும் கன்னடத்திலும் அதே வினைக்கு உறவுச் சொற்கள் உண்டு. தமிழின் 'அரிவாள்' இதே முறையில் அமைந்தது: 'அரி' என்ற வினையோடு 'வாள்' சேர்ந்த வினைத்தொகை. இரண்டு சொற்களும் கருவியை அதன் வடிவத்தால் அடையாளம் காட்டவில்லை; அது செய்யும் வேலையால் அடையாளம் காட்டுகின்றன.

தமிழில் அரிவாளின் வகைப்பெயர்கள் இதை இன்னும் தெளிவாக்குகின்றன. கதிர் அரிவாள், பாளை அரிவாள் ஆகியவற்றில் முன்னொட்டாக வருவது வெட்டப்படும் பொருள். வெட்டரிவாள், வீச்சரிவாள் ஆகியவற்றில் வருவது கையின் செயல். கதிர் அரிவாளால் விறகு பிளப்பது கருவிக்கும் கைக்கும் கேடு. பாளை அரிவாளைப் புதர் வெட்ட எடுப்பவரைப் பனையேறி கண்டிக்கத் தவறமாட்டார். ஆகவே ஒவ்வொரு பெயரும் ஒரு பொருளைச் சுட்டுவதோடு நில்லாமல், 'இது இதற்கு உரியது, அதற்கு உரியதன்று' என்ற தீர்ப்பையும் தன்னுள் வைத்திருக்கிறது. பெயரைத் தரவாகவும் தீர்ப்பை அபிப்பிராயமாகவும் பிரிப்பது எங்ஙனம்? சொற்பொருளியலின் எளிய அளவுகோலில்கூட, பயன்பாட்டு விதி பொருளின் பகுதியே. அவ்விதியை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளும் சொற்பட்டியல், பொருளில் பாதியைக் களத்திலேயே விட்டுவிட்டு வருகிறது.

இச்சொல் நகரத்துக்குள் நுழையும்போது என்ன ஆகிறது என்பதும் கவனத்துக்குரியது. அண்மை ஆண்டுகளில் புனேயின் செய்தித்தாள்களில் 'கோய்தா' பெரும்பாலும் குற்றச் செய்தியின் சொல். இளைஞர் கும்பல்களின் தாக்குதல்களைக் குறிக்கக் 'கோய்தா கேங்' என்ற தொடர் நிலைபெற்றுவிட்டது. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புனே நகரக் காவல்துறை, கோய்தா விற்கும் கடைகள் வாங்குவோரின் ஆதார் விவரங்களைப் பதிவு செய்யவேண்டும் என்று நடவடிக்கை எடுத்தது. தமிழ்நாட்டிலும் 2021 செப்டம்பரில், அரிவாள் செய்யும் பட்டறைகள் வாங்குவோரின் விவரங்களைக் குறித்துவைக்க வேண்டும் எனக் காவல்துறை அறிவுறுத்தியது. வன்முறையைத் தடுக்கும் நோக்கம் நியாயமானது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கருவியோடு அன்றாடம் வாழும் உழைப்பாளிக்கு இதன் பொருள் வேறு. தன் பிழைப்புக்கான பொருளை வாங்கும் கணத்தில் அவர் ஐயத்துக்குரியவராகப் பதியப்படுகிறார். அரசின் ஏடு ஒன்றில் கருவியோடு சேர்த்து அவருடைய பெயர் எழுதப்படும் அரிய வாய்ப்பு, அந்தோ, இதுவாக இருக்கிறது.

அதே சொல்லுக்கு மூன்றாவது வாழ்க்கை ஒன்றும் உண்டு. மகாராஷ்டிரக் கரும்பு வெட்டும் தொழிலில் 'கோய்தா' என்பது கருவியின் பெயர் மட்டுமன்று, கூலிக் கணக்கின் அலகு. கணவனும் மனைவியும் சேர்ந்த இணை ஒரு கோய்தா. தனியாள் அரைக் கோய்தா. முன்பணம் இந்த அலகின்படிதான் பேசப்படுகிறது. பெண்ணின் உழைப்பு தனியே எண்ணப்படாமல் இணைக்குள் கரைந்துபோவதற்கு இந்த அலகே துணைநிற்கிறது. அகராதியில் 'கோய்தா: வளைந்த வெட்டுக்கத்தி' என்று ஒரு வரி எழுதுபவருக்கு இந்தப் பொருள் தெரியவரப்போவதில்லை. கருவியைப் பற்றித் தொழிலாளி பேசும் பேச்சு முழுவதையும் கேட்டவருக்கு மட்டுமே அது தெரியவரும். தொழிலாளியின் மொழியும் நீதியின் மொழியாகவே எப்போதும் இருப்பதில்லை என்பதையும் இவ்வெடுத்துக்காட்டு உணர்த்துகிறது.

அடுத்து வாகனம். ஆனைமலையில் 'டாப்ஸ்லிப்' என்ற ஊர்ப்பெயர், மலையுச்சியிலிருந்து தேக்கு மரங்களைச் சரிவில் உருட்டி அடிவாரத்துக்கு அனுப்பிய முறையிலிருந்து வந்தது. அங்கிருந்து இறங்கிய தேக்கு பம்பாய்க் கப்பல் கட்டும் தளம் வரை சென்றது 19ஆம் நூற்றாண்டு வரலாறு. சரிவு வரை மரத்தை இழுத்தவை யானைகள். யானைகளை நடத்தியவர்களும் மரத்தை வெட்டியவர்களும் மலசர் உள்ளிட்ட மலைவாழ் மக்கள். ஊருக்கு நிலைத்த பெயரோ மேலிருந்து மரம் சறுக்கிச் செல்வதைப் பார்த்தவரின் ஆங்கிலம். கீழே நின்று அதை எதிர்கொண்டவர் அந்த இடத்தை என்னவென்று அழைத்தார் என்பதற்குச் சுற்றுலாப் பலகையில் இடமில்லை.

யானையின் இடத்தை லாரியும் டிராக்டரும் பிடித்தபின், சிறு சுமைக்கு வேறு ஒரு வண்டி வந்தது. டாடா நிறுவனம் 2005இல் அறிமுகப்படுத்திய 'ஏஸ்' என்ற சிறு சரக்கு வண்டி முதலில் புனேயில்தான் உற்பத்தியானது. வடக்கே மக்கள் அதைச் 'சோட்டா ஹாத்தி' என்றார்கள். தமிழ்நாட்டில் அது 'குட்டியானை' ஆயிற்று. விளம்பரம் கற்றுக்கொடுத்த பெயர்களைக் காட்டிலும் சுமை ஏற்றியவர்களும் ஓட்டியவர்களும் புழங்கிய பெயர்களே நிலைத்தன. இதற்கு முன்பே 'டெம்போ' என்ற சொல்லுக்கு இதே கதை நேர்ந்திருந்தது. ஜெர்மன் நிறுவனமொன்றின் வணிகப்பெயர், பிம்ப்ரி-சிஞ்ச்வாடின் ஆகுர்டியில் இயங்கிய பஜாஜ் டெம்போ வழியாக இந்திய மொழிகளில் பொதுப்பெயராயிற்று. 2005இல் அந்நிறுவனம் 'ஃபோர்ஸ் மோட்டார்ஸ்' என்று தன் பெயரை மாற்றிக்கொண்டது. மக்கள் தங்கள் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை.

'குட்டியானை' என்பது வெறும் செல்லப்பெயரா? உருவத்தில் சிறியது, சுமையில் பெரியது என்ற மதிப்பீடு அதில் இருக்கிறது. எதை எந்த வண்டியில் ஏற்றலாம், எந்தச் சரிவில் எந்த வண்டி நிற்கும், மழைக்குப் பின் எந்தப் பாதை எத்தனை நாள் ஆறவேண்டும் என்பன போன்ற தீர்ப்புகள் ஒவ்வொரு வண்டியைப் பற்றிய பேச்சிலும் கலந்திருக்கின்றன. யானை மரத்தை இழுத்துச் செல்ல அகலப் பாதை வேண்டியதில்லை. லாரிக்குப் பாதை வெட்டவேண்டும். மரம் போனபின்பும் பாதை இருக்கும். பாதை வழியே மழைநீர் மண்ணை அரித்துச் செல்லும், வெளியாரும் உள்ளே வருவர். காட்டுப் பாதைகள் பற்றிய சூழலியல் நூல்கள் விரித்துரைக்கும் இச்செய்தி, பாதையில் வேலை செய்பவருக்குப் புதிதன்று. ஆயினும் வாகனம் வாங்கும் தீர்மானம் அலுவலகத்தில் நிகழ்கிறது. வாகனம் சிக்கிக்கொள்ளும்போது தள்ளும் வேலை மட்டும் களத்துக்கு வருகிறது.

கருவியிலிருந்தும் வண்டியிலிருந்தும் 'காடு' என்ற சொல்லுக்கே வரலாம். கொங்கு வட்டாரத்திலும் கரிசல் வட்டாரத்திலும் 'காட்டுக்குப் போகிறேன்' என்பவர் புலி வாழும் வனத்துக்குச் செல்வதில்லை. தம் புன்செய் நிலத்துக்குச் செல்கிறார். அங்கே 'காட்டு வேலை' என்பது வேளாண் வேலை. மராத்தியின் 'ரான்' என்ற சொல்லும் இவ்வாறே இருபொருள் உடையது. மரமடர்ந்த வெளியும் 'ரான்', உழுது விதைக்கும் நிலமும் 'ரான்'. சாங்வியைச் சுற்றியிருந்த நிலங்கள் கட்டடங்களாவதற்கு முன், அங்கிருந்தோர் 'ரானுக்கு'ப் போய்வந்தது இந்தப் பொருளில்தான். இது மொழியின் குழப்பமன்று. விதைத்த நிலம் சில ஆண்டுகள் தரிசாகி மேய்ச்சலாகி மீண்டும் விளைநிலமாகும் நிலப்பரப்பில், இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது நிலத்தின் உண்மையைச் சொல்கிறது. மேற்கு மகாராஷ்டிரத்தின் புல்வெளிகளைப் 'பாழ்நிலம்' என்றோ 'சிதைந்த காடு' என்றோ எழுதிய நிர்வாக மொழியே நிலத்தைப் பிழையாகப் படித்தது. நீலகிரியில் சோலை வேறு, புல்வெளி வேறு, இரண்டும் முழுமையானவை என்பதை அங்கு வாழ்ந்தோரின் சொற்கள் பிரித்துக் காட்டின. புல்வெளியை வெற்றிடமாகக் கண்ட நிர்வாகம் அதில் சீகையையும் தைலமரத்தையும் நட்டது. இன்று அவற்றை அகற்றும் வேலைக்கு அதே மலையின் தொழிலாளர்கள் அமர்த்தப்படுகிறார்கள்.

சொல்லின் பொருள் அகராதிக்காரருக்கு மட்டும் உரிய கவலை என்று எண்ணுவோருக்கு 1996 டிசம்பர் 12 நினைவூட்டத்தக்க நாள். கூடலூர்க் காடுகள் தொடர்பாகத் தொடுக்கப்பட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், 'காடு' என்ற சொல்லை அதன் அகராதிப் பொருளில் கொள்ளவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எந்த மொழியின், எந்த அகராதி என்று ஆணை குறிப்பிடவில்லை. அந்த ஒரு வரி நாடு முழுவதும் மரவெட்டையும் மர ஆலைகளையும் நிறுத்தியது, பெருங்காடுகளைக் காத்தது. 2023இன் வனப் பாதுகாப்புத் திருத்தச் சட்டத்துக்குப் பின் எழுந்த வழக்கிலும், 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் இடைக்காலமாக அதே அகராதிப் பொருளையே பற்றிக்கொண்டது. ஒரு நாட்டின் காடுகள் அகராதியை நம்பி நிற்கும்போது, அகராதி யாரை நம்பி நிற்கிறது என்ற கேள்வி எழாமல் இருக்கமுடியாது.

மூங்கிலின் கதை இதைவிடக் கூர்மையானது. தொல்காப்பியத்தின் மரபியல், வயிரம் வெளிப்புறத்தில் உடையவற்றைப் புல் என்றும் உட்புறத்தில் உடையவற்றை மரம் என்றும் வகுக்கிறது. அவ்வரையறையின்படி மூங்கில் புல். இன்றைய தாவரவியலும் அதைப் புற்குடும்பத்தில்தான் வைக்கிறது. மூங்கிலை வெட்டுபவருக்கோ நூல் தேவையில்லை. வெளியே கடினமும் உள்ளே வெறுமையும் உள்ள ஒன்றை வெட்டும் முறை மரத்தை வெட்டும் முறையன்று என்பதை அவருடைய கருவியே அறியும். மரத்துக்குக் கோடரி, மூங்கிலுக்கு அரிவாள். ஆனால் 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் 'மரம்' என்ற சொல்லுக்குள் பனை, மூங்கில், அடிக்கட்டை, புதர், பிரம்பு அனைத்தையும் அடக்கியது. காட்டுக்கு வெளியே தன் நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்டவும் கொண்டுசெல்லவும் பல மாநிலங்களில் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது இதன் விளைவு. 2017 நவம்பரில்தான் ஓர் அவசரச் சட்டம் அந்த வரையறையிலிருந்து மூங்கிலை நீக்கியது. தொண்ணூறு ஆண்டுகள்.

காட்டுக்குள் வளரும் மூங்கிலுக்கான போராட்டம் வேறு வழியில் நடந்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருளாக வரையறுத்தது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் உள்ள மேண்டா லேகா என்ற கோண்டு கிராமம் 2009இல் ஏறத்தாழ 1,800 ஹெக்டேர் காட்டின் மீது சமூக உரிமை பெற்றது. ஆனாலும் மூங்கிலை வெளியே கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டு வனத்துறையின் கையிலேயே இருந்தது. 2011 ஏப்ரலில் அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அக்கிராமத்துக்கே சென்று அச்சீட்டு வழங்கும் அதிகாரத்தைக் கிராம சபையிடம் ஒப்படைத்தார். மூங்கில் மரமா புல்லா, பெருவிளைபொருளா சிறுபொருளா என்பது அங்கே வகைப்பாட்டியல் விவாதமாக இருக்கவில்லை. வெட்டியவரின் கையில் எவ்வளவு கூலி சேரும் என்பதை அது தீர்மானித்தது.

இனி அன்றாடக் கருத்து. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன மலையில் வாழும் சோளகர், ஆண்டின் தொடக்க மாதங்களில் சருகு மெல்லியதாக இருக்கும்போதே சிறு தீ மூட்டும் வழக்கம் உடையவர்கள். 'தரகு பெங்கி', அதாவது சருகுத் தீ, என்பது அதன் பெயர். காட்டுத் தீயில் அது ஒரு வகை. கோடையில் மரத்தலை வரை எரியும் தீ வேறு வகை. 1970களில் அப்பகுதி சரணாலயமானபின் எல்லாத் தீயும் ஒரே தடையின் கீழ் வந்தது. உன்னிச்செடி பெருகியதற்கும் நெல்லி மரங்களில் ஒட்டுண்ணி மிகுந்ததற்கும் சருகுத் தீ நின்றுபோனது ஒரு காரணம் என்பது சோளகர் கருத்து. நெடுங்காலம் அது 'உள்ளூர் நம்பிக்கை' எனக் கருதப்பட்டது. பின்னர் சூழலியலாளர்கள், அவர்களுள் சோளகர் சமூகத்திலிருந்தே வந்த ஆய்வாளரும் அடங்க, அக்கருத்தை ஆய்வுக் கருதுகோளாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தனர். அது எளிதில் தள்ளத்தக்கதன்று என்பது தெளிவாயிற்று. இரண்டு தீக்கும் இரண்டு பெயர் உள்ள மொழியில் சிந்திப்பவருக்குத் தோன்றிய வேறுபாடு, 'தீ' என்ற ஒற்றைச் சொல்லோடு இயங்கிய நிர்வாகத்துக்குத் தோன்றவில்லை.

இங்கே இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது: தொழிலாளியின் கருத்தெல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. தேய்பிறையில் வெட்டிய மூங்கிலைப் பூச்சி அரிக்காது என்ற கருத்தும், ஓர் ஆண்டின் வறட்சியைக் கொண்டு முழுக் காட்டையும் எடைபோடும் கருத்தும் சோதனைக்கு உரியவையே. வேண்டப்படுவது வழிபாடன்று, சோதிக்கும் தகுதியை வழங்குவது. எந்தக் கருத்து கருதுகோளாக எழுதப்படுகிறதோ அதையே சோதிக்கமுடியும். நன்றியுரைக்குள் புதைந்த கருத்தை யாரும் பொய்ப்பிக்கவும் இயலாது, மெய்ப்பிக்கவும் இயலாது.

இரண்டாவது: 'தொழிலாளி' என்று ஒருவர் இருக்கிறாரா? இல்லை. விறகு சேர்க்கும் பெண்ணும், யானைப் பாகனும், தற்காலிக ஊதியத்தில் இரவுக் காவல் நிற்கும் வேட்டைத் தடுப்புக் காவலரும், மராத்தியில் 'வனமஜூர்' எனப்படும் கூலியாளும் ஒரே கருத்தைச் சொல்லப்போவதில்லை. 'வேட்டைத் தடுப்புக் காவலர்' என்ற பெயரே ஒருவர் செய்யும் பல வேலைகளுள் ஒன்றை மட்டும் சொல்கிறது. தீயணைப்பதும், களை அகற்றுவதும், யானையை ஊரிலிருந்து திருப்புவதும், கணக்கெடுப்புக்குத் துணைபோவதும் அப்பெயருக்குள் வரவில்லை. இந்த வேறுபாடுகளே யார் சொன்னார், எந்த வேலையின் போது சொன்னார் என்ற குறிப்பைக் கட்டாயமாக்குகின்றன. 'உள்ளூர் மக்கள் கருதுகின்றனர்' என்ற தொடர் அவ்வேறுபாடுகள் அனைத்தையும் விழுங்கிவிடுகிறது.

மொழியியலாளருக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. தமிழில் 'அங்கே தீப்பிடித்தது' என்பதும் 'அங்கே தீப்பிடித்ததாம்' என்பதும் ஒன்றல்ல. முதலாவது பேசுபவர் தாமே பொறுப்பேற்கும் கூற்று. இரண்டாவது பிறர் வாய்ச்சொல் என்று அவரே அடையாளமிடும் கூற்று. மராத்தியில் 'ம்ஹணே' என்ற சொல் ஏறத்தாழ இதே பணியைச் செய்கிறது. தம் அறிவின் மூலம் எது என்பதைப் பேசுபவர் இலக்கணத்திலேயே பிரித்துத் தருகிறார். ஆய்வாளர் அதை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது அந்த 'ஆம்' உதிர்ந்துவிடுகிறது. பின்னர், 'வாய்மொழிச் சான்றில் நேரடி அறிவையும் கேள்வி அறிவையும் பிரிக்கமுடியாது' என்று முறையியல் அத்தியாயத்தில் அவரே குறைகூறுகிறார். குறை சான்றில் இல்லை.

இதற்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. புனே மாவட்டத்தின் ஊர்களில் பெண்கள் திருகையில் மாவரைக்கும்போது பாடிய ஓவிப் பாடல்களை ஹேமா ராயிர்கரும் கி புவாத்வாவும் பல பத்தாண்டுகள் திரட்டினர். மகாராஷ்டிர ஊர்களிலிருந்து சேர்ந்த அத்தொகுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. பாடியவரின் பெயரும் ஊரும் பாடலோடு சேர்த்தே பதியப்பட்டன. கணவனைப் பற்றியும், சாதியைப் பற்றியும், உழைப்பைப் பற்றியும் அப்பெண்கள் கொண்டிருந்த கருத்துகள் அங்கே இலக்கியமாகவும் சான்றாகவும் ஒருங்கே நிற்கின்றன. திருகை என்ற கருவி அருங்காட்சியகத்துக்குப் போனபின்பும் கருத்து எஞ்சியது, கருத்தும் சேர்த்துப் பதியப்பட்டதால்தான்.

ஆகவே செய்யத்தக்கவை சில. கருவிப் பெயர் திரட்டும் ஒவ்வொரு ஆய்வேடும், அக்கருவியால் செய்யத்தக்கது எது, தகாதது எது, அதன் விலையும் தரமும் எப்படி மாறின என்பன பற்றிய பேச்சைச் சொந்த மொழியில், மூல வாக்கியமாகவே பதியவேண்டும். சொன்னவர் விரும்பினால் அவர் பெயரோடும், விரும்பாவிட்டால் அவர் தொழிலையும் வட்டாரத்தையும் மட்டும் குறித்தும் அது அமையலாம். தகவலாளிக்கு அவர் இழந்த நாட்கூலியைத் தருவது நல்கை வரவுசெலவில் வெளிப்படையான உருப்படியாகவேண்டும். வனத்துறைப் பணித்திட்டங்களின் வரைவுகள் தமிழிலும் மராத்தியிலும் களப்பணியாளர் முன் வாசிக்கப்பட்டு, அவர்கள் உடன்படாத இடங்கள் உடன்படாத இடங்களாகவே அச்சேறவேண்டும். அகராதிப் பணியில் ஈடுபடுவோர் 'காடு', 'மரம்', 'தீ' போன்ற சொற்களின் பதிவுகளில் வட்டாரப் பொருளையும் தொழிற்பொருளையும் கடைசி எண்ணாகத் தள்ளாமல், நீதிமன்றம் நாளை அப்பக்கத்தைப் புரட்டக்கூடும் என்ற நினைவோடு எழுதவேண்டும்.

இவற்றில் எதுவும் பெரும் பொருட்செலவைக் கோருவதன்று. ஒலிப்பதிவுக் கருவி ஏற்கெனவே ஆய்வாளரின் சட்டைப்பையில் இருக்கிறது. பெயரைச் சொன்னபின் தொழிலாளி பேச்சை நிறுத்துவதில்லை. பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறார். அந்த இடத்தில் பதிவை அணைக்காமல் இருப்பதே முதல் வேலை.